காது நுனி வெட்டிய நாயைக் கண்டால் கல் எறியாதீர்!

இரவு கடைசி பஸ்சை விட்டு இறங்குகிறீர்கள். தெருமுனையில் நாலு நாய். நீங்கள் ஒரு அடி எடுத்து வைத்ததும் நாலும் எழுந்து நிற்கின்றன. வயிற்றைக் கலக்குகிறது!

அடுத்த தடவை ஒரு காரியம் செய்யுங்கள். நாயின் பல்லைப் பார்க்காதீர்கள். காதைப் பாருங்கள்.

காது நுனியில் கத்தரித்தது போல ஒரு சின்ன வெட்டு இருக்கிறதா? அது சண்டையில் கிழிந்த காது அல்ல. டாக்டர் வெட்டிய காது!

அந்த நாய் காப்பகத்துக்குப் போய் வந்துவிட்டது, கருத்தடை ஆபரேஷன் முடிந்துவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். அதற்காகக் கடிக்கவே கடிக்காது என்று அர்த்தம் இல்லை. வாலை மிதித்தால் எந்த நாயும் கடிக்கும்!

நாலு நாள் விருந்தாளி

காப்பகம் என்றதும் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. தெருவில் திரியும் நாய்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஆயுசு முழுக்க அடைத்து வைத்துச் சோறு போடும் இடம் என்று.

சென்னை மாநகராட்சியின் மையங்கள் அப்படிப்பட்டவை அல்ல. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி, மீனம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பல இடங்களில் இவை இருக்கின்றன. இங்கே நாய் ஒரு விருந்தாளிதான். சில நாள் தங்கும். பிறகு வீடு திரும்பும். வீடு என்றால்? அதே தெரு. அதே விளக்குக் கம்பம்.

விடியற்காலையிலேயே வண்டி கிளம்பிவிடுகிறது. வெயில் ஏறினால் நாய்கள் காருக்கு அடியில், சந்துக்குள் என்று ஒளிந்துவிடும். வலை வீசிப் பிடிக்கிறார்கள். எந்தத் தெருவில், எந்த இடத்தில் பிடித்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் குறிப்புதான் முக்கியம். திரும்ப விடும்போது இது இல்லாவிட்டால் எல்லாம் குளறுபடி.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு ஆபரேஷன் கிடையாது. பால் கொடுக்கும் தாய் நாயையும் பிடிக்கக் கூடாது. குட்டிகள் தாயை விட்டு விலகும் வரை பொறுக்க வேண்டும்.

மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் நடக்கிறது. பெண் நாய் என்றால் கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுக்கப்படும். மயக்கம் தெளியும் முன்பே காது நுனியிலும் கத்தி பட்டுவிடும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே நாயைப் பிடித்து வந்து மறுபடி வயிற்றைக் கிழிக்க நேரிடுமே!

ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது நாலு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு மத்திய அரசு விதி. தையல் ஆறியதா, சாப்பிடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டி ஏற்றுவார்கள்.

"கொண்டு போங்க, திரும்பக் கொண்டு வராதீங்க!"

இங்கேதான் சண்டை ஆரம்பம்.

பிடிக்க வந்தபோது கும்பிடு போட்ட தெரு, திரும்ப விட வரும்போது வண்டியை மறிக்கிறது. "கொண்டு போனது கொண்டு போனதாவே இருக்கட்டும் சார். இங்க ஏன் விடறீங்க? வேற எங்கயாவது விடுங்க" என்பதுதான் எந்தப் பேட்டையிலும் கேட்கும் பேச்சு.

சொல்பவர்கள் மீது தப்பில்லை. குழந்தை குட்டி வைத்திருக்கிறவர்கள். சைக்கிளில் போகும்போது துரத்து வாங்கியவர்கள். ஆனால் அந்த 'வேற எங்கயாவது' என்பதும் யாரோ ஒருவர் வீட்டு வாசல்தானே?

அது மட்டும் அல்ல. நாய்க்கும் எல்லை உண்டு. தெருவில் இருக்கும் நாய் வெளி நாயை உள்ளே விடாது. அதை அப்புறப்படுத்திவிட்டால் மிச்சம் இருப்பது குப்பைத் தொட்டியும், கறிக்கடைக் கழிவும், காலியான எல்லையும். பக்கத்துத் தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஊசி போட்டிருக்காது, ஆபரேஷனும் ஆகியிருக்காது. நாய்க்குச் சினை காலம் சுமார் 63 நாள்தான். ரெண்டே மாதத்தில் தெருவில் குட்டிகளின் கூச்சல்!

136 வருஷம் கொன்று பார்த்தாச்சு

பிடித்துக் கொன்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதையும் இந்த ஊர் செய்து பார்த்துவிட்டது.

சென்னையில் கார்ப்பரேஷன் 1860-ல் தெரு நாய்களைக் கொல்ல ஆரம்பித்தது. நாய் பிடிக்கிற வண்டி என்றால் வீட்டு நாயைக் கூட உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய காலம் அது. பிடித்த நாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். தோல் எக்கச்சக்கமாகச் சேர்ந்ததால், அதில் கழுத்து டையும் மணிபர்சும் செய்ய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழி கண்டது என்று ப்ளூ கிராஸ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொன்றதால் நாய் குறைந்ததா? இல்லை! ப்ளூ கிராஸ் கணக்குப்படி 1996 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொல்லும் நிலைமை வந்துவிட்டது.

விமானியாக இருந்த கேப்டன் வி.சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் ப்ளூ கிராஸ். கொல்வதை விட்டுக் குடும்பக் கட்டுப்பாடு செய்யுங்கள் என்று 1964 முதல் கார்ப்பரேஷன் கதவைத் தட்டினார்கள். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். மனுஷனுக்கே லூப் மாட்டவும் கு.க. ஆபரேஷனுக்கும் ஆள் பிடித்த காலம் ஆச்சே! ஆனால் 1996-ல் அதே யோசனைதான் நடைமுறைக்கு வந்தது. 2001-ல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் விதியாகவே போட்டது.

இதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் வாசகர்கள் அடிக்க வருவீர்கள். 2018-ல் எடுத்த கணக்கில் சென்னையில் சுமார் 57 ஆயிரம் தெரு நாய்கள். 2024 கணக்கில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம்! வேலை தப்பல்ல, செய்த வேகம் போதவில்லை. ஒரு பேட்டையில் பாதி நாயைப் பிடித்து மீதியை விட்டால், மீதி இருப்பது குட்டி போட்டுக் கணக்கை நேர் செய்துவிடும்.

வெறிநோய்த் தடுப்பூசியிலும் இதே கதைதான். நூற்றுக்கு 70 நாய்க்காவது ஊசி போட்டிருந்தால்தான் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தெருத் தெருவாகப் போய்த் தடுப்பூசி மட்டும் போடும் வேலையைத் தனியாகத் தொடங்கியது.

அதே ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் இதில் இறங்கியது. டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று 11-ந் தேதி ஒரு உத்தரவு. 22-ந் தேதி அது மாற்றப்பட்டது. ஆபரேஷனும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம். வெறி பிடித்தது, மூர்க்கமாகக் கடிப்பது மட்டும் விடக் கூடாது என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது.

கடி வாங்கியவருக்கும் காப்பகம்

இந்த மையங்களால் மனிதருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

வெறிநோய் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்த நாயைப் பிடித்து 10 நாள் கண்காணித்தால் விஷயம் தெரிந்துவிடும். அது பத்து நாளும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். தனிக் கூண்டு வைத்து இப்படிக் கவனிப்பதும் காப்பகத்தின் வேலைதான்.

ஆனால் பத்து நாள் முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது! கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேரே சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கே ஊசிக்குக் காசு இல்லை. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போடுவார்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எல்லாம் தயாராகி வந்தது. இந்தியாவில் அதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. கடித்த அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று போடுகிறார்கள். வலி இல்லையே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

வாசலில் கட்டிவிட்டு ஓட்டம்!

தெரு நாயைப் பற்றியே பேசுகிறோம். வீட்டு நாய் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆசைப்பட்டுப் பனிநாட்டு ஹஸ்கி வாங்குகிறார்கள். சென்னை சித்திரை வெயிலில் அதற்கு நாள் முழுக்க ஏ.சி. வேண்டும். கரண்ட் பில் வந்ததும் ஆசை போய்விடுகிறது. சிலர் வாடகை வீடு மாறுகிறார்கள். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். நாய்க்கு வயசாகிவிடுகிறது, சொறி பிடிக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பக வாசலில் கட்டிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள்.

தெரு நாய்க்காவது பிழைக்கத் தெரியும். சோபாவில் படுத்த நாய்க்குக் குப்பைத் தொட்டியைக் கிளறத் தெரியாது. வாசலிலேயே உட்கார்ந்து வருகிற ஸ்கூட்டரை எல்லாம் எட்டி எட்டிப் பார்க்கும்.

இப்படிக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! ஒரு பிளேட் பிரியாணிக்குக் கூடக் காணாது.

மாநகராட்சி 2025-ல் வேறு வழியில் பிடி போட்டது. வளர்ப்பு நாய்க்கு லைசென்சும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய பிறகு வந்த கெடுபிடி இது.

சிப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசி மணி அளவு. ஊசியால் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அதில் இருப்பது ஒரு எண் மட்டுமே. நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது. ரீடரை மேலே வைத்தால் எண் தெரியும். எண்ணைப் பார்த்தால் சொந்தக்காரர் யார் என்று தெரியும். வாசலில் கட்டிவிட்டு ஓடியவர் விலாசமும் தெரிந்துவிடும்!

நல்ல காரியத்துக்கும் இது உதவும். தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிய நாய் நாலு தெரு தாண்டி வழி தெரியாமல் நிற்கும். கழுத்துப் பட்டை அறுந்து போயிருக்கும். சிப் அறுந்து போகாது.

வைத்தியத்துக்குப் பணம் இல்லை என்று விரட்டிவிடவும் வேண்டியதில்லை. மாநகராட்சியே திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் செல்லப் பிராணிகளுக்கு இலவச சிகிச்சை மையம் நடத்துகிறது. பெரிய வியாதி என்றால் இருக்கவே இருக்கிறது வேப்பேரி மாட்டாஸ்பத்திரி. பேர்தான் மாட்டாஸ்பத்திரி. நாயும் பூனையும் கூட்டமாக வரிசையில் நிற்கும். நாய்களுக்கு ரத்த வங்கியே அங்கே இருக்கிறது!

உங்கள் தெருவில் காது வெட்டாத நாய் இருந்தால் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லலாம். "எங்க ஏரியாவில நாய்த் தொல்லை" என்று மட்டும் சொன்னால் வண்டி வந்து சுற்றிவிட்டுத்தான் போகும். தெருப் பெயர், எத்தனை நாய், காலையில் எந்தக் கடை வாசலில் படுக்கும் என்று சொல்லுங்கள். டீக்கடைக்காரரைக் கேட்டால் துல்லியமாகத் தெரியும்.

பூனை கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மூடி போட்ட கூடை வேண்டும். நாய்களைப் பார்த்ததும் எகிறிக் குதித்து மரத்தில் ஏறிவிடும். அப்புறம் டாக்டரும் நீங்களும் மரத்தடியில் நின்று "மியாவ்... மியாவ்..." என்று கூப்பிட வேண்டியதுதான்!