வயது வரம்புக்குள் ஒரு வாழ்க்கை

அரசு வேலைக்காகப் படிப்பதே முழுநேர வேலையாகிவிட்ட பிரயாக்ராஜ் இளைஞர்கள், அரசியல்வாதிகளிடம் கேட்பது சலுகை அல்ல. ஒழுங்காக நடக்கும் ஒரு தேர்வு

அலகாபாத்தில் (2018 முதல் பிரயாக்ராஜ்) ஓர் இளைஞரிடம் 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்லில் பதில் வரும்: 'தையாரி'. அதாவது, தயாராகிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அரசு வேலைக்குத்தான். ரயில்வே, போலீஸ், ஆசிரியர் பணி, எல்லாவற்றுக்கும் மேலாக மாநில சிவில் சர்வீஸ். எந்த அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பம் போய்விடும்.

சலோரி, சோட்டா பாகாடா, கட்ரா, அல்லாபூர் பகுதிகளின் சந்துகளில் இவர்களுடைய அறைகள். 1887இல் தொடங்கிய அலகாபாத் பல்கலைக்கழகத்தின் விடுதிகளில் இடம் கிடைக்காத மாணவர்கள் தங்கும் இந்த வாடகை லாட்ஜ்களுக்கு உள்ளூரில் 'டெலிகசி' என்று பெயர். ஒரு கட்டில், ஒரு சிறிய காஸ் அடுப்பு, ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை, சுவரில் இந்திய வரைபடம். ஆகஸ்டில் கங்கை பெருகினால் சோட்டா பாகாடாவின் தரைத்தளங்களில் தண்ணீர் புகும். அப்போது முதலில் மாடியேறுவது புத்தகங்கள்தான்.

தையாரியும் ஓர் உத்தியோகம் போலத்தான் நடக்கிறது. காலையில் கோச்சிங் வகுப்பு. பிறகு 'லைப்ரரி'. அங்கே புத்தகம் இருக்காது. மாத வாடகைக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் கிடைக்கும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வரும் பணம் போதாதவர்கள் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். வேலை நேரம் உண்டு, சம்பளம்தான் இல்லை. அப்பா விவசாயியாகவோ சிறிய கடைக்காரராகவோ இருப்பார். தங்கையின் கல்யாணம் இந்த வேலைக்காகக் காத்திருக்கும். விசேஷங்களுக்கு ஊருக்குப் போவதைக்கூடப் பலர் தவிர்ப்பது, உறவினர்கள் கேட்கும் 'என்ன ஆச்சு?' என்ற கேள்விக்குப் பயந்துதான்.

பதில் சொல்வது எளிதல்ல என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2014-15 முதல் 2021-22 வரை மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். இது 2022 ஜூலையில் மக்களவையில் அரசே தந்த தகவல். அதாவது, 300 விண்ணப்பங்களுக்கு ஒரு வேலை. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேர் வேலையற்றவர்கள். படிக்காதவர்களைவிடப் படித்தவர்கள்தான் அதிகம் சும்மா இருக்கிறார்கள். தனியார் வேலை கிடைக்காமல் இல்லை. ஆனால் நிச்சயமில்லாத சம்பளத்தில் சூரத்திலோ நொய்டாவிலோ கழிக்கும் ஒரு வருடம், வயது வரம்பில் கழியும் ஒரு வருடமும்கூட.

அதைவிடப் பெரிய பயம் தேர்வு நடக்குமா என்பது. 2024 பிப்ரவரி 11 அன்று 10 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்திருந்த ஆய்வு அலுவலர் முதல்நிலைத் தேர்வை உத்தரப் பிரதேசத் தேர்வாணையம் நடத்தியது. பதவிகள் 411. வினாத்தாள் கசிந்ததால் மார்ச் 2 அன்று தேர்வு ரத்து. மறுதேர்வு நடந்தது 2025 ஜூலை 27 அன்று. முதல் படியைத் தாண்டவே ஒன்றரை வருடம். அதே பிப்ரவரியில் நடந்த போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு 60,244 இடங்கள், 48 லட்சம் விண்ணப்பங்கள். அதுவும் கசிந்தது, ரத்தானது, ஆகஸ்டில் மீண்டும் நடந்தது.

இவர்களின் அரசியல் இங்கேதான் தொடங்குகிறது. 2022 ஜனவரியில் ரயில்வே தேர்வு முடிவுகளை எதிர்த்து பிகாரிலும் உ.பி.யிலும் கலவரம் மூண்டபோது, பிரயாக்ராஜில் போலீஸார் சோட்டா பாகாடா லாட்ஜ்களின் கதவுகளை உடைத்து மாணவர்களை அடித்தார்கள். அந்த வீடியோ நாடெங்கும் பரவியபின் போலீஸார் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். அதே ஜூனில் வந்த அக்னிபத் திட்டம், நான்கு வருடங்களுக்குப் பிறகு 25 சதவீதம் பேருக்கு மட்டுமே ராணுவத்தில் தொடர இடம் என்றது. அதிகாலையில் சாலையோரம் ஓடிப் பயிற்சி எடுத்த கிராமத்துப் பையன்களுக்கு அது பேரிடி.

இடஒதுக்கீடு என்றால் இந்த அறைகள் இரண்டாகப் பிரியும். 2013 ஜூலையில், தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒதுக்கீடு என்ற தேர்வாணையத்தின் முடிவை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இதே நகரத்தில் எதிரெதிராகத் தெருவில் இறங்கினார்கள். முடிவு வாபஸானது, கசப்பு போகவில்லை. ஆனால் 2024 நவம்பர் 11 அன்று தேர்வாணையத்தின் வாசலில் கூடிய ஆயிரக்கணக்கானவர்களிடம் சாதி பிரித்த கோஷம் எழவில்லை. ஒரே தேர்வை இரண்டு நாட்களில் நடத்தி மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறை வேண்டாம்; ஒரே நாள், ஒரே வினாத்தாள் என்பதுதான் கோரிக்கை. நான்காம் நாள் ஆணையம் இறங்கிவந்தது. சிவில் சர்வீஸ் தேர்வு டிசம்பர் 22 அன்று ஒரே நாளில் நடந்தது.

இந்தக் கோபம் ஓட்டாகிறதா? 2024 மக்களவைத் தேர்தலில் உ.பி.யில் பாரதீய ஜனதாவின் இடங்கள் 62இலிருந்து 33ஆகக் குறைந்தன. வினாத்தாள் கசிவு பிரசாரத்தில் பலமாக ஒலித்தது. அலகாபாத் தொகுதி 40 வருடங்களுக்குப் பிறகு காங்கிரஸுக்குப் போனது. ஆனால் லாட்ஜ்கள் நிறைந்த நகரின் வட பகுதி அடங்கிய பூல்பூரில் பா.ஜ.வே ஜெயித்தது. அறைவாசிகளில் பலருக்கு ஓட்டு இருப்பது சொந்தக் கிராமத்தில். மேலும், வேலை விஷயத்தில் அரசைத் திட்டும் அதே இளைஞர், சட்டம் ஒழுங்கு விஷயத்தில் அதே அரசைப் புகழ்வதும் உண்டு. எதிர்க்கட்சி ஆண்டபோதும் நியமனங்களில் புகார் இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூன் 21 அன்று அமலுக்கு வந்த மத்தியச் சட்டம் தேர்வு மோசடிக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. உ.பி.யின் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை உண்டு. கான்ஸ்டபிள் மறுதேர்வில் தேறிய 60,244 பேருக்கு 2025 ஜூனில் நியமன உத்தரவும் கிடைத்தது. ஆனால் எந்தச் சட்டமும் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. கழிந்துபோன வருடங்களைத் திருப்பித் தருவதும் இல்லை.

வயது வரம்பைச் சற்று நகர்த்தலாம். கான்ஸ்டபிள் தேர்வில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 22ஆக இருந்ததை, எதிர்ப்பு கிளம்பியபின் 25 ஆக்கினார்கள். அந்த மூன்று வருடங்களால் ஊருக்குத் திரும்ப இருந்த பலர் அறையைக் காலி செய்யாமல் தங்கிவிட்டார்கள். புதிய அறிவிப்பு வரும் நாளில் இந்தச் சந்துகளில் எல்லோரும் செல்போனைத்தான் பார்க்கிறார்கள். முதலில் தேடுவது சம்பளத்தை அல்ல, இடங்களின் எண்ணிக்கையையும் அல்ல. 'இந்தத் தேதிக்கு முன் பிறந்திருக்கக் கூடாது' என்ற ஒரு வரியை.