புழுதி அடங்கிற்று, ஊர் ஒழிந்தது

தாரிடாத தெருவில் மோட்டார் வண்டி விரையுங்கால் எழும் புழுதி, வீட்டிலுள்ளோருக்குத் தொல்லையாவதோடு தெருவுக்குங் கேடாகின்றது. பருங்கற்களை இறுகப் பிணைத்து நிற்பது நுண்மண்ணே. அது புழுதியாய்ப் பறந்துபோகக் கற்கள் கழன்று, தெரு குண்டும் குழியுமாகிவிடும்.

நீர் தெளித்தாற் புழுதி அடங்கும். ஆயின், வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். இக்குறையை நீக்கவே மேலைநாட்டார் இரசாயனப் பொருள்களை நாடினர். கல்சியங் குளோரைட்டு என்னும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. மழைக்காலத்தில் அடுக்களை உப்புக் கசிவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அவ்வீரத்தால் நுண்மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஆனால் மழை அவ்வுப்பைக் கரைத்துச் செல்லும்; அளவு மிஞ்சின் தெருவோரச் செடிகள் வாடும்; கிணற்று நீருங் கெடக்கூடும்.

இதனினும் மலிவானது கழிவெண்ணெய். அம்மலிவுக்கு ஓர் ஊர் கொடுத்த விலையை நாம் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சென் லூயிஸ் நகருக்குத் தென்மேற்கே, மெரமெக் ஆற்றங்கரையில் ரைம்ஸ் பீச் என்னுஞ் சிற்றூர் இருந்தது. தெருக்களுக்குத் தாரிட அவ்வூரிடம் பணமிருக்கவில்லை. ஆகவே, 1970 ஆம் ஆண்டுகளில் ஒப்பந்தகாரர் ஒருவரைக் கொண்டு அவற்றில் எண்ணெய் தெளிப்பித்தனர். புழுதி அடங்கிற்று. ஆனால், அவர் தெளித்த எண்ணெயில் இரசாயனத் தொழிற்சாலையொன்றின் கழிவு கலந்திருந்தது. அக்கழிவில் டயொக்சின் என்னுங் கொடிய நஞ்சு இருந்தது. அவரே 1971 இல் எண்ணெய் தெளித்த குதிரைக் களங்களிற் குதிரைகள் பல மடிந்திருந்தன.

1982 டிசெம்பரில் ஊரை ஆற்றுவெள்ளம் சூழ்ந்தது. அதே மாதத்தில் மண்ணிலுள்ள நஞ்சும் வெளிப்பட்டது. வெள்ளத்துக்கு அஞ்சி வெளியேறியோரை, மீண்டும் வீடு திரும்பவேண்டாமென்று அரசாங்கத்தார் அறிவுறுத்தினர். 1983 இல் அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்க முன்வந்தது. 2,000 பேருக்கு மேற்பட்டோர் தம் மனைகளைத் துறந்தனர். நச்சு மண்ணை எரித்துத் தூய்மையாக்கும் பணி 1997 இலேதான் முடிவுற்றது. 1999 இல் அவ்விடம் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

புழுதி சுவாசப்பைக்குத் தீங்கு செய்வதே. அதை அடக்குதல் நற்பணியே. எனினும், தெருவில் ஒன்றைத் தெளிக்க வருவோரிடம் புழுதி அடங்குமா என்று மட்டும் கேட்டல் போதாது. அதில் யாது கலந்திருக்கின்றது, மழை பெய்தால் அது எங்கே போய்ச் சேரும் என்றுங் கேட்டல், அத்தெருவிற் குடியிருப்போர் அனைவரதும் உரிமை, கடமையுமாம்.