பெரிய வீடும் கம்பியில்லா இணையமும்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் வெயிலையும் மழையையும் எண்ணிக் கட்டப்பட்டவை. நடுவே திறந்த முற்றம்; அதனைச் சூழ உள்விறாந்தையும் அறைகளும்; சுண்ணக்கல்லும் சாந்துங் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள். அவ்வீடுகள் பலவற்றில் இன்று முதியோர் இருவரே வாழ்கின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் உளர். நாளுக்கொருமுறை கைத்தொலைபேசித் திரையில் மகனின் முகத்தைக் காண்பதே தாய்க்கு அந்நாளின் பெருநிகழ்ச்சி. அம்முகம் பாதிச் சொல்லில் உறைந்து நிற்க, அவர் படுக்கையறையினின்றும் எழுந்து முன்விறாந்தைக்கு நடக்க வேண்டியிருப்பின், முழங்கால் நோவுடையார்க்கு அஃது எளிய செயலன்று. இரவில் உடல்நலங் குன்றியவிடத்து அறையிலிருந்தே பிள்ளைகளை அழைக்க இயலாமை அதனினும் அச்சந் தருவது.

இக்குறையைப் போக்க எம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் கையாளும் வழிகள் இரண்டு. மாதக் கட்டணத்தை உயர்த்தி விரைவு மிக்க இணைப்பைப் பெறுவர். அல்லது ஆறு கொம்புடைய விலையுயர்ந்த றவுட்டர் ஒன்றை விமானத்திற் கொண்டுவருவர். இவை பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஐயமுடையோர் றவுட்டரின் அருகே நின்று கைத்தொலைபேசியால் வேகத்தை அளந்து, பின்னர்ப் பின்னறையில் நின்று மறுபடியும் அளப்பாராக. முன்னது நன்றாயிருந்து பின்னது மோசமாயிருப்பின், வீதியிலிருந்து வரும் இணைப்பிற் குறையில்லை. வீட்டினுள்ளே உள்ள ஐம்பது அடியிலேதான் குறை உளது.

றவுட்டர் பரப்புவது ஒருவகை வானொலி அலையே. இத்தகைய அலைகள் சுவரை ஊடுருவுமென்பதை ஜகதீச சந்திர போஸ் 1890களிற் கல்கத்தாவிற் பலர் முன்னிலையிற் செய்துகாட்டினார். ஊடுருவும், ஆனால் இழப்பின்றி ஊடுருவாது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு மீடிறன்களைக் கையாளும். முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், பின்னதன் அலைநீளம் 6 சென்ரிமீற்றர். 5 கிகாஹேட்ஸில் இடம் அகன்றதாகலின் மிகுந்த செய்தியை விரைவாக அனுப்பலாம். ஆனால் சுவரைக் கடக்குந் திறன் அதற்குக் குறைவு. புதிய கருவிகள் சில கையாளும் 6 கிகாஹேட்ஸ் அலையும் சுவர் கண்டவிடத்து மெலிந்து போவதே.

இவ்விழப்பை டெசிபெல் என்னும் அளவாற் கூறுவர். 10 டெசிபெல் இழந்தால் எஞ்சுவது பத்திலொன்று. 20 இழந்தால் நூறிலொன்று. மரக்கதவு ஒன்று மூன்று நான்கு டெசிபெல்லை விழுங்கும். தடித்த கற்சுவர் பத்துக்கு மேலும் விழுங்கவல்லது. ஆதலின் இரு சுவருக்கு அப்பால் நூறிலொரு பங்கு எஞ்சினாலே பெரிது. இரும்பு அலுமாரியும் நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் தெறிக்கச் செய்யும், நீர்த்தொட்டி உறிஞ்சும், பிற்காலத்திற் கட்டிய மேன்மாடியின் கொங்கிரீற்றுத் தட்டோ இரும்புக் கம்பிகளைத் தன்னகத்தே கொண்டது. முற்றம் ஒன்றே தடையற்றது. ஆகவே முற்றத்தை நோக்கிய உள்விறாந்தையில், ஆள் உயரத்திற்கு மேல் வைத்த றவுட்டர் பல அறைகளை எட்டும். இணைப்புக் கொடுக்க வருவோர் இதனை எண்ணுவதில்லை. வடம் நுழையும் முன்னறை மூலையில், தொலைக்காட்சியின் பின்னே வைத்துவிட்டுப் போய்விடுவர்.

கொம்புகள் மிகுதலால் ஏன் குறை தீராதென்பதும் விளங்க வேண்டும். பேச்சு இருவழிப்பட்டது. ஆசிரியர் உரத்துப் பேசினாற் கடைசி வாங்கில் இருப்பவன் கேட்பான். அவன் மெல்லிய குரலிற் கூறும் விடை ஆசிரியர் செவிக்கு எட்டவேண்டுமே. கைத்தொலைபேசி சிறு மின்கலத்தால் இயங்கும் மெல்லிய குரலுடையது. ஆசிரியர் கடைசி வாங்குக்கு அருகே நடந்து செல்வதே வழி.

அதற்கு ஒப்பானது, வீட்டின் பின்பாகத்தில் இரண்டாவது அலைபரப்பி ஒன்றை நிறுவுதல். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் றிப்பீற்றர், கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஒரே அலைவழியிற் கேட்டுஞ் சொல்லியும் வருதலால் நேரத்திற் பாதி அதிலே கழியும். நலிந்த அலையுள்ள இடத்தில் வைத்தால் நலிந்ததையே திருப்பிச் சொல்லும். மெஷ் எனப்படுந் தொகுதி இதனினுஞ் சிறந்தது. அதன் பெட்டிகள் இரண்டு மூன்று தம்முள் இணங்கி ஒரே பெயரில் இயங்கும். எனினும் அப்பெட்டிகளுக்கு இடையேயும் அதே சுவர்கள்தாம் நிற்கின்றன.

யாம் பரிந்துரைப்பது இரு பெட்டிகளையும் வடத்தால் இணைத்தலே. கம்பியில்லாத் தொடர்புக்குக் கம்பி இழுக்கச் சொல்லுதல் நகைப்பை விளைக்கலாம். ஆயினும் கற் 6 எனப்படும் செப்பு வடம் 100 மீற்றர் தூரம்வரை செக்கனுக்கு ஒரு கிகாபிற் செய்தியைத் தளராது சுமக்கும். சுவரின் தடிப்பு அதற்கு ஒரு பொருட்டன்று. சுவர்களை வடம் கடக்க, அறைக்குள் உள்ள பத்துப் பதினைந்து அடியை மட்டும் அலை கடந்தாற் போதும். பழஞ்சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஓட்டுக்குக் கீழே சுவரின் மேல்விளிம்பு வழியாக, எலி கடியாதவாறு பிளாஸ்ரிக்குக் குழாயினுள் வடத்தைக் கொண்டு செல்லலாம்; மின்சார வயருடன் ஒட்டிச் செல்லாதிருத்தல் வேண்டும். இரண்டாவது பெட்டியாகப் பழைய றவுட்டர் ஒன்றைப் பயன்படுத்துவோர் அதனை அக்செஸ் பொயின்ற் முறைக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றாவிடின் இரு பெட்டிகளும் தனித்தனியே முகவரி வழங்கிக் குழப்பம் விளைக்கும். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாயிருக்கலாம், 2.4 கிகாஹேட்ஸிலே ஒன்றுக்கு 1 ஆம் அலைவழியும் மற்றதற்கு 6 ஆவது அல்லது 11 ஆவது அலைவழியும் கொடுப்பின் ஒன்றையொன்று இடையூறு செய்யா.

வளவின் மறுகோடியிலே தனிக் கட்டடம் இருப்பின் அங்கே செப்பு வடம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் மிகும்போது, வெட்டவெளியிற் செல்லும் நீண்ட செப்பு வடம் மின்பாய்ச்சலைக் கொணர்ந்து இருமுனைக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். கண்ணாடியிழை வடம் மின்னைக் கடத்தாது. இருமுனையிலும் சிறு மாற்றிகள் வேண்டுமாதலாற் செலவு சற்று ஏறும். எரிந்த கருவிகளை மாற்றும் செலவை நோக்க அஃது ஏற்கத்தக்கதே.

மின்தடையையும் எண்ணவேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். அத்துணை நீண்ட தடைக்குப் பெரிய மின்கலமே ஈடுகொடுக்கும்; ஓரிரு மணித்தியாலத் தடைக்கு 12 வோல்ற்றுச் சிறு யூ.பி.எஸ். போதும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வடத்தின் வழியே செய்தியோடு மின்னையும் பெறவல்ல அலைபரப்பிகள் உள. அத்தகையதைப் பின்பாகத்திற் பொருத்தி, அதற்கு மின்னூட்டும் கருவியையும் முன்னறை மின்கலத்தோடு இணைப்பின், அவ்வொரு மின்கலமே இருபெட்டிகளையும் இயக்கும். வீதியிலிருந்து கண்ணாடியிழை வந்து முடியும் பெட்டிக்கும் அதிலிருந்தே மின் கொடுத்தல் வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுவர்.

வேலை முடிந்தபின், வந்தவர் ஏணியை எடுக்குமுன், படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தவாறே அலைவலிமையை அளந்து பார்த்தல் நன்று. செயலி காட்டும் எண் சய 67 அல்லது அதனினும் வலிமையாக, சய 60, சய 50 என இருப்பின், முகம் பார்த்துப் பேசுதற்கு அது போதும். சய 80 எனக் காட்டின், ஏணி இன்னும் சிறிதுநேரம் அங்கேயே நிற்கட்டும்.