கம்பி வழியே வரும் உலகமும் வீட்டுப் பிள்ளைகளும்

வேலியும் படலையும் இல்லாத வளவை நம்மவர் வளவென்று மதிப்பதில்லை. அவ்வேலி எவரையும் சிறைவைப்பதற்கு எழுந்ததன்று; ஆடு மாடு உட்புகாமலும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தை தெருவுக்கு ஓடிவிடாமலும் காப்பதற்கே எழுந்தது. படலையோ வேண்டியவர் வரவும் போகவும் அமைந்தது. இன்று நம் வீடுகளுக்குள்ளேயே மற்றொரு தெரு வந்துவிட்டது. மெல்லிய ஒரு கம்பி வழியாக உலகத்தின் நூல்நிலையங்களும் கல்விக்கூடங்களும் சந்தைகளும் சூதாட்ட மனைகளும் ஒருங்கே வந்து பிள்ளையின் மேசைமீது நிற்கின்றன. இத்தெருவுக்கு வேலி எங்கே? படலை எங்கே? அதனைத் திறப்பதும் சாத்துவதும் எவர் பொறுப்பு? பெற்றோர் பலரை வாட்டும் இவ்வினாக்களை இவ்வாரம் ஆராய முற்படுகின்றோம்.

“கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை ஒழிந்தது” என்பார் உளர். அஃது எளிய வழியேயாயினும் ஏற்ற வழியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையத்தின் வழியாக வீடு தேடி வந்தன. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக நீங்கிவிடவில்லை. கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்திலே பாடங்கள் கிடைக்கின்றன. பரீட்சைப் பெறுபேறுகளையும் இணையத்திலேயே பார்க்கின்றோம். ஆகவே வினா, கொடுப்பதா மறுப்பதா என்பதன்று. எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வளவில் கொடுப்பது என்பதேயாம்.

கம்பியின் தனிச்சிறப்பு

கம்பியில்லா ‘வைஃபை’ சுவர்களை ஊடுருவிச் செல்லும், போர்வைக்குள்ளும் புகும். கம்பித் தொடர்போ அத்தகையதன்று. அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. அம்முடிவு எங்கே இருக்கிறது என்பதை நாம் கண்ணாற் காணலாம். பெற்றோர்க்கு இதனினும் பெரிய துணை வேறில்லை.

இக்கம்பி முறைக்கு ‘ஈதர்நெட்’ என்று பெயர். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சீரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ட்டோ ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொபேட் மெற்காஃப் என்பார் தம் துணைவருடன் இதனை வகுத்தார். ஆதியிலே கணினிகள் யாவும் ஒரே தடித்த கம்பியில் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்று அனுப்பும் செய்தி எல்லாவற்றையும் எட்டும். இக்காலத்து வீடுகளிலோ ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி உண்டு. கம்பிகள் எல்லாம் ‘ரவுட்டர்’ என்னும் சிறு பெட்டியில் வந்து கூடுகின்றன. அப்பெட்டியே வீட்டின் படலை. ஆகையினால், தந்தையாரின் அலுவலக வேலைக்கோ அண்ணனின் பல்கலைக்கழகப் பாடத்துக்கோ இடையூறின்றிப் பிள்ளையின் தொடர்பை மட்டும் திறக்கவும் சாத்தவும் இயலும்.

மூன்று வேலிகள்

முதலாவது வேலி இடம். கம்பி படுக்கையறைக்குப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விறாந்தையிலோ, குடும்பத்தவர் நடமாடும் மண்டபத்திலோ மேசையை இட்டு, கணினியின் முகம் அனைவரும் காணும் வண்ணம் வைத்துவிட்டால் பாதிப் பணி முடிந்தது. ஈதர்நெட் கம்பி 100 மீற்றர் தூரம் வரை செவ்வனே செய்தி கடத்தும். எனவே பெட்டி எந்த அறையில் இருந்தாலும் மேசையை வேண்டிய இடத்தில் அமைக்கலாம்.

இரண்டாவது வேலி நேரம். இப்பொழுது விற்கப்படும் ரவுட்டர்களுட் பலவற்றிலே ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்றொரு பகுதி உண்டு. மாலை 4 மணி முதல் 6 மணி வரை, இரவு 7 மணி முதல் 9 மணி வரை என்று நேரத்தைக் குறித்துவிட்டால், மற்றைய வேளைகளில் அக்கணினிக்கு இணையம் எட்டாது. “நிறுத்து, நிறுத்து” என்று தாய் நாள்தோறும் கூவவேண்டியதில்லை. கடிகாரமே படலையைச் சாத்திவிடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கணினிகளை ரவுட்டர் அடையாளம் காண்பது ‘மாக் முகவரி’ என்னும் 12 குறிகளைக் கொண்டே. ஒரே கணினியிற் கம்பித் துறைக்கு ஒரு முகவரியும் வைஃபைக்கு வேறொரு முகவரியும் இருக்கும். கம்பியின் முகவரியை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கச் சென்ற பெற்றோரின் பிள்ளை, கம்பியைக் கழற்றிவிட்டு வைஃபை வழியே வலம் வரலாம். எனவே இரு முகவரிகளையும் பதிதல் வேண்டும். அல்லது அக்கணினியில் வைஃபையை அறவே நீக்குதல் வேண்டும்.

மூன்றாவது வேலி பெயரேடு. நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதியதும், அப்பெயருக்குரிய எண் முகவரியைக் கணினி முதலில் விசாரித்து அறிகின்றது. தொலைபேசி விவரக்கொத்தை ஒத்த இவ்வேற்பாட்டை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அறிஞர் வகுத்தார், ‘டி.என்.எஸ்.’ என்பது இதன் பெயர். தகாத தளங்களின் பெயர்களுக்கு விடையளிக்க மறுக்கும் விவரக்கொத்துகளும் உள. கிளவுட்பிளேயர் நிறுவனம் 2020இல் தொடங்கிய 1.1.1.3 என்னும் சேவையும், ஓப்பன் டி.என்.எஸ். வழங்கும் 208.67.222.123 என்னும் சேவையும் அத்தகையன, கட்டணம் இல்லை. அவ்வெண்ணை ரவுட்டரிற் பதிந்தால் வீடு முழுவதற்கும் பயன்படும். அதற்கு இடந்தராத பெட்டியாயின் பிள்ளையின் கணினியிலே பதியலாம்.

இம்மூன்றுக்கும் முன்னே செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. ரவுட்டரின் நிருவாகக் கடவுச்சொல் பெரும்பாலும் அப்பெட்டியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதனை மாற்றாமல் வேலி கட்டுவது, படலையைப் பூட்டித் திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிடுவதை ஒக்கும். கணினியிலும் பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கை மட்டுமே அளித்து, அமைப்புகளை மாற்றும் அதிகாரத்தைப் பெற்றோர் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும்.

வேலியிற் பொட்டு

எவ்வளவு நெருக்கிக் கதியால் நாட்டினாலும் நாய் நுழையும் பொட்டு ஒன்று எங்கேனும் விழுந்துவிடும். மாக் முகவரியை மாற்றிக்கொள்ள வழியுண்டு. ரவுட்டரின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் அழுத்தினால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பெற்றோர் இட்ட கடவுச்சொல் செல்லாமற் போவதே அதற்கு அடையாளம். 2018ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட புதிய முறையொன்றினால், உலாவிகள் பெயர் விசாரணையை மறைமொழியில் அனுப்பவும் கூடும். அப்போது ரவுட்டரிற் பதிந்த விவரக்கொத்தை அவை கேளாமலே கடந்துவிடும். ‘வி.பி.என்.’ என்னும் மறைவழிகளும் உள. இவையெல்லாம் இல்லாவிடினும் அயல்வீட்டு வைஃபையும் நண்பனின் கைத்தொலைபேசியும் இருக்கவே இருக்கின்றன.

மேலும் பெயரேட்டுக்கு நன்மை தீமை பகுத்தறியும் ஆற்றல் இல்லை. யூடியூப் தளத்திலே அட்சரகணிதப் பாடமும் உண்டு. பொழுதைக் கொல்லும் பயனில் காட்சிகளும் உண்டு. விவரக்கொத்து அத்தளத்தை முழுவதும் திறக்கும், அல்லது முழுவதும் மூடும். பாடத்தை மட்டும் எடுத்துப் பதரை விடும் சுளகு ரவுட்டருக்குள் இல்லை. அது பிள்ளையின் உள்ளத்திலேதான் முடையப்படவேண்டும்.

கட்டுப்பாட்டின் விலை

2017ஆம் ஆண்டில் சோனியா லிவிங்ஸ்ரன் அம்மையாரும் பிற ஆய்வாளரும் ஐரோப்பிய நாடுகள் எட்டில் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிகுதியாகக் கட்டுப்படுத்தப்பட்ட பிள்ளைகள் இணையத்திலே குறைந்த ஆபத்துகளையே சந்தித்தனர். ஆனால் குறைந்த வாய்ப்புகளையே பெற்றும் இருந்தனர். உடனிருந்து பேசி வழிகாட்டப்பட்டவர்களுக்கு வாய்ப்புகள் மிகுந்தன; ஆபத்துகளும் ஓரளவு மிகுந்தன. எனவே செலவில்லாத வழி எதுவும் இல்லை. தரம் 3இல் படிக்கும் குழந்தைக்கு முதல் வழியும், க.பொ.த. உயர்தர மாணவனுக்கு இரண்டாம் வழியும் மிகப் பொருந்தும் என்பது எமது கருத்து.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்டதும் இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியதுமான சிறுவர் உரிமைகள் சமவாயமும் இதனையே உணர்த்துகின்றது. பிள்ளைக்கு வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோர்க்கு உண்டு. அவ்வழிகாட்டல் பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும் என்கின்றது அதன் 5ஆம் உறுப்புரை. பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டென்கின்றது 16ஆம் உறுப்புரை. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததும் இதுவே. வேலி ஆண்டுதோறும் சற்றே வெளியே தள்ளி நாட்டப்படவேண்டும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அரை மணி நேரம் கூட்டியும், ஒரு தடையை நீக்கியும் கொடுக்கும் வீட்டிலே, பிள்ளை வேலியைப் பிடுங்க முனைவதில்லை. அது விலகும் நாளை எண்ணிக் காத்திருக்கும்.

எக்காரணம் கொண்டும் செய்யத்தகாதது

கட்டுப்பாடு எதுவாயினும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். என்ன தடுக்கப்பட்டிருக்கிறது, ஏன் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிள்ளையை அருகிருத்திச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இடும் வேலி, கண்டுபிடிக்கப்படும் நாளிலே வலையாக மாறிவிடுகின்றது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இணையத்திலே முன்பின் அறியாதவன் ஒருவன் பிள்ளையோடு உறவாடிப் படம் கேட்கின்றான் என்று கொள்வோம். பிள்ளை அஞ்சி நடுங்குகின்றது. அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைக்கின்றது. சொன்னால் ஏச்சு விழும், கம்பியும் போய்விடும் என்ற எண்ணம் உடனே எழுகின்றது. வாய் மூடிக்கொள்கின்றது. அந்த மௌனத்திலேதான் தீயவன் வாழ்கின்றான். கம்பியைப் பறிப்பதை உண்மை சொன்னதற்குத் தண்டனையாக்கும் வீட்டிலே, எத்தனை வேலிகள் இருந்தும் பயனில்லை. ஆகவே பெற்றோர் முற்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்தல் வேண்டும்: “எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், சொன்னதற்காக உன் இணையம் பறிபோகாது.” அவ்வாக்கைக் காத்தலும் வேண்டும். நிலைமை கைமீறியதாயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் அறிவிக்கலாம். அவ்விலக்கத்தை ரவுட்டரின் மேலேயே எழுதி ஒட்டிவைத்தல் நன்று.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பொட்டு வழியே புகுந்து வெளியேறும் சாமர்த்தியம் உங்களுக்கு உண்டென்பதை நாம் அறிவோம். அச்சாமர்த்தியத்தைக் காட்டுவதினும், “இந்த நேரம் எனக்குப் போதவில்லை, இன்ன பாடத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்” என்று நேரே கேட்பது ஆண்மையும் பெண்மையும் சிறக்கும் வழியாகும். காரணத்தோடு கேட்கும் பிள்ளைக்கு மறுக்கும் பெற்றோர் அரியர்.

பெற்றோரும் தம்மை ஒருமுறை நோக்கவேண்டும். இரவு 9 மணிக்குப் பிள்ளையின் கம்பியை அடைத்துவிட்டு, நள்ளிரவு வரை தாம் கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருப்பாராயின் அவ்வேலி எத்தனை நாளுக்கு நிற்கும்? வீட்டார் அனைவருக்கும் பொதுவான ஓய்வு நேரம் ஒன்று இருப்பின், அதனைக் கட்டுப்பாடு என்று எவரும் கருதார். வீட்டு வழக்கம் என்றே கொள்வர்.

கம்பியைத் திறப்பதும் சாத்துவதும் சில ஆண்டுகளுக்கு நம் கையில் உள்ள காரியம். அதன்பின் பிள்ளை தன் கையாலேயே அதனைச் செய்யும். அந்நாளில் எதைத் திறப்பது, எதைச் சாத்துவது என்று தெளிந்து செய்யுமாறு இப்பொழுதே பழக்குவோமாக.