நூற்கிடங்கிற்கு வேண்டிய தீயணைப்புச் சாதனங்கள்

நெசவாளரும் உழவரும் சேர்ந்த சங்கத்தில் இரு சாராருடைய உடைமைக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அது எளிதில் எரியும். நூற்கட்டு, பஞ்சு, ஓடி முடித்த பாவு, வைக்கோற்போர், மக்காச்சோளத் தட்டை, கரும்புச் சோகை ஆகிய எதுவும் ஒரு பொறிக்கு மேல் கேட்பதில்லை. நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள நம் அங்கத்தினர்களின் வாழ்வு முழுவதும் இவற்றில் அடங்கியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கென வகுத்த சட்டங்கள் வீட்டுத் தறியையும் சிறு கொட்டகையையும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே, என்ன சாதனம் வேண்டும், அதை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிப் போக அதிகாரி எவரும் வரமாட்டார். நாமே யோசிக்கவேண்டிய விஷயம் இது.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீக்கிரையான கொடுமையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சமையற்கூடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய நெருப்பு, மாடியில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகள் மேல் சரிந்தது. இறங்கும் வழியோ குறுகியது. அந்தப் பள்ளியில் நடந்ததை நாம் நெடுநேரம் விவரிக்க விரும்பவில்லை. ஆனால் கஞ்சி காய்ச்சும் அடுப்பும் சாய அடுப்பும் எந்தக் கூரையின் கீழ் எரிகின்றன, அதற்கு எத்தனை அடி தள்ளி நூல் அடுக்கியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் இன்றே எழுந்து போய்ப் பார்க்கலாம். அடுப்பிற்கு மேல் ஓடோ தகரமோ இருக்கவேண்டும். அடுப்பும் கீற்றும் ஒன்றாக இருக்குமிடத்தில் எந்தச் சாதனமும் போதாது.

துணித் தொழிலுக்கே உரிய மற்றொரு விபத்து 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரில் நேர்ந்தது. டிரையாங்கிள் என்ற தையல் நிறுவனம் ஒரு கட்டடத்தின் 8, 9, 10-ஆம் மாடிகளில் நடந்துவந்தது. எட்டாம் மாடியில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் குவித்துவைத்திருந்த வெட்டுத் துண்டுகளில் தீப்பற்றியது. அங்கே வாளிகளில் தண்ணீர் இருந்தது, எடுத்து ஊற்றினார்கள், போதவில்லை. சுவரில் சுற்றி மாட்டியிருந்த நீர்க்குழாயை இழுத்துத் திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டிற்று. மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் இளம் பெண்கள். அக்கட்டடத்தில் சாதனம் இல்லாமற் போகவில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். குழாய் இருந்தது, அதைத் திறந்து பார்த்து வைத்தவர் இல்லை. கதவு இருந்தது, சாவி வேறு கையில் இருந்தது.

இனி நம் கொட்டகைக்கு வருவோம். தீயணைக்கும் உருளை என்றாலே ஒரு சிவப்பு உருளைதான் என்று பலர் எண்ணுகிறார்கள். எரியும் பொருளுக்கேற்ப அது மாறும். பஞ்சும் நூலும் எரியும் விதம் தனி. மேலே தணல் அவிந்ததுபோலத் தோன்றினாலும் கட்டின் உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று வீட்டிற்குப் போனபின் நள்ளிரவில் மறுபடி சுடர்விடும். கரியமில வாயு உருளையை நூற்கட்டின்மேல் பீய்ச்சினால் சுடர் மறையும், சூடு குறையாது. அதன் வேகத்தில் எரியும் பஞ்சுப் பிசிறு நாலாபக்கமும் பறந்து புதிய இடங்களில் பற்றுவதும் உண்டு. உலர்தூளும் கட்டின் மேற்பரப்பில்தான் படியும். நூலுக்குத் தண்ணீரே மருந்து. கட்டைப் பிரித்து, வெளியே இழுத்துப் போட்டு, உள்வரை நனைக்கவேண்டும். பிறகு ஓர் இரவாவது காவல் வேண்டும். எனவே நூற்கிடங்கின் முதற் சாதனம் தண்ணீர்த் தொட்டியும் அதன் பக்கத்தில் மாட்டிய வாளிகளுமே. தீ வாளியின் அடி உருண்டையாக இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தரையில் வைத்தால் அது நிற்காது. ஆகையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட யாரும் எடுத்துச் செல்வதில்லை! சாதாரண வாளியை மாட்டினால் ஒரு வாரத்தில் அது மாட்டுக் கொட்டிலில் இருக்கும் என்பது நம் அனுபவம்.

மின்சாரத்திற்கு மட்டும் தண்ணீர் கூடாது. விசைத்தறியின் மோட்டாரிலும் சுவிட்சுப் பலகையிலும் பஞ்சுத் தூசு படிந்து, சூடேறி, பற்றிக்கொள்வது விசைத்தறிக் கொட்டகைகளில் நேரும் விபத்து. முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். அது வாயிலருகே, இருட்டிலும் தடவிக் காணக்கூடிய இடத்தில் இருக்கட்டும். இங்கேதான் கரியமில வாயு உருளை பயன்படும். அது கறையும் தூளும் விடாமல் மறைந்துவிடும். அதன் கொம்புபோன்ற குழலை வெறுங்கையால் பற்றக்கூடாது. கடுங்குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். மூடிய சிற்றறையில் பீய்ச்சியபின் உள்ளே நிற்கவும் கூடாது, மூச்சு முட்டும். இரண்டு வகை உருளை வாங்க வசதியில்லாதவர் ஏ.பி.சி. உலர்தூள் உருளை ஒன்றை வாங்கலாம். துணி, எண்ணெய், மின்சாரம் மூன்றிற்கும் அது பொருந்தும். ஆனால் அந்தத் தூள் தறியில் தங்கினால் இரும்பை அரிக்கும். தீ அணைந்தபின் துடைத்தெடுக்கவேண்டும்.

உருளையின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதை அறிந்தவர் குறைவு. ஆறு கிலோ உலர்தூள் உருளை ஏறக்குறைய கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். பதறிப்போய்ச் சுடரின் மேற்பகுதியில் வீசினால் அத்தனையும் வீண். ஊசியை இழுத்து, வாயிலுக்கு முதுகு காட்டி நின்று, எரிவதன் அடிப்பாகத்தை நோக்கிப் பிடியை அழுத்தி, இடமும் வலமுமாகத் துழாவவேண்டும். உலர்தூள் உருளையில் உள்ள சிறு கடிகாரத்தின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்கவேண்டும். கரியமில வாயு உருளைக்கு அத்தகைய முள் கிடையாது. நிறுத்துப் பார்த்துத்தான் குறைந்ததா என்று அறியமுடியும். சங்கத்தின் தராசு அதற்குப் போதும்.

கீற்றுக் கொட்டகைக்கு நம் முன்னோர் கையாண்ட சாதனம் இன்றும் ஈடற்றது. நீண்ட மூங்கிலில் கட்டிய துறட்டிதான் அது. எரியும் கீற்றை இழுத்துக் கீழே தள்ளினால் பக்கத்துக் கூரை தப்பும். அதனுடன் ஓர் ஏணி, நனைத்த சாக்குகள் சில, இரண்டு வாளி மணல் இருக்கட்டும். விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை எரிந்தால் தண்ணீர் அதைப் பரப்பிவிடும், மணல்தான் அடக்கும். உழவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே தானே சூடேறிச் சில நாட்களுக்குப் பின் பற்றுவது உண்டு. போருக்குள் கைவிட்டுப் பார்த்துச் சுடுமானால் உருளையை நம்பாமல் தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லிவிட்டு, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போரைப் பிரிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நூற்கட்டுகளுக்குப் பின்னால், அறையின் உட்கோடியில் உருளை மாட்டியிருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். தீ எரியப்போகும் இடமே அதுதான்; எரியும்போது யார் போய் எடுப்பது? வாயிலை ஒட்டி, பெண்களுக்கும் கையெட்டும் உயரத்தில், முன்னால் எதையும் அடுக்காமல் இருக்கவேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் எந்தக் கதவும் பூட்டியிருக்கலாகாது.

தீயணைப்பு வண்டியை அழைக்க 101 அல்லது 112 என்ற எண்ணைச் சுழற்றலாம். தீ பெரிதென்று தெரிவதற்கு முன்பே அழைப்பது நல்லது. வண்டி நிலையத்திலிருந்து புறப்பட்டு நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கழியும் நேரம் முழுவதும் மேற்சொன்ன வாளிகளையும் உருளைகளையும் பொறுத்தது. ஆட்கள் வெளியேறுவதே முதல். அணைப்பது அதற்குப் பின்.

உருளைகளை ஒவ்வொருவர் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் ஒன்றாக, இந்தியத் தர நிர்ணய முத்திரை பார்த்து வாங்கினால் விலையும் நயமாகும், ஆண்டுக்கொருமுறை நிரப்பி வைப்பவரையும் ஒரே நாளில் வரவழைக்கலாம். காலங்கடந்து நிரப்பக் கழற்றும் பழைய உருளைகளை வீணாகக் காலி செய்துவிடாமல், அடுத்த பொதுக்கூட்டத்தன்று வெட்டவெளியில் சிறிது வைக்கோலைக் கொளுத்தி, நெசவு செய்யும் பெண்கள் உட்பட அங்கத்தினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அணைத்துப் பார்க்கச் செய்யலாம் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.