திரையிலிருந்து தாளுக்கு

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் தஞ்சோங் காராங் அமைந்துள்ளது. இவ்வூரைச் சுற்றிப் பரந்த நெல்வயல்கள் உள்ளன. அவற்றுக்கு அப்பால் உள்நாட்டுப் பகுதியில் செம்பனைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917ஆம் ஆண்டில் அது பயிரிடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் இத்தோட்டத்தைப் போலவே, இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் தமிழர்கள் பல தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளனர்.

காலப்போக்கில் தோட்ட மக்கள் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்து வீடுகள் மறைந்த இடங்களில் அம்மக்களின் வாழ்க்கையைச் சொல்ல எஞ்சி நிற்பவை சிலவே. பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர் ஆகியவை அவற்றுள் அடங்கும். முதல் தலைமை ஆசிரியரின் படம், பால்மரம் வெட்டிய பாட்டியின் நினைவுகள், விளையாட்டுப் போட்டியில் வென்ற மாணவர்களின் பெயர்கள் என்பன வேறெங்கும் பதிவாகாமல் இத்தகைய மலர்களில் மட்டுமே இருக்கக்கூடும். எனவே, மலரில் ஒரு பெயர் பிழையாக அச்சானாலோ ஒரு முகம் மங்கிப்போனாலோ அவ்விழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது.

இக்காலத்தில் இம்மலர்களைக் கணினியில் பக்கவடிவமைப்பு செய்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் இளைஞர்களுமே ஆவர். பக்கங்களை முடித்ததும் அவற்றை பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புகின்றனர். திரையில் அழகாகத் தோன்றிய பக்கம் சில வேளைகளில் அச்சில் வேறுவிதமாக வந்துவிடுகிறது. எழுத்துகள் குறியீடுகளாகச் சிதைகின்றன, படங்கள் மங்குகின்றன, நிறங்கள் மாறுகின்றன, பக்க ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது. இக்குறைகளுள் பல அச்சு இயந்திரத்தால் ஏற்படுபவை அல்ல. கோப்பை ஏற்றுமதி செய்யும்போது தேர்ந்தெடுத்த அமைப்புகளே அவற்றுக்குக் காரணமாகும்.

பி.டி.எஃப். என்பது என்ன?

1980களில் ஒரு கணினியில் உருவாக்கிய ஆவணத்தை மற்றொரு கணினியில் திறந்தால் வரிகளும் எழுத்துகளும் இடம் மாறின. இச்சிக்கலுக்குத் தீர்வு காண, அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் 1991ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் பயனாக 1993ஆம் ஆண்டில் பி.டி.எஃப். வெளியானது. 2008ஆம் ஆண்டில் அது அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பின் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

பி.டி.எஃப். கோப்பை மூடிக் கட்டிய பயணப்பெட்டிக்கு ஒப்பிடலாம். பெட்டிக்குள் வைத்த பொருள் மட்டுமே பயணியுடன் செல்லும். வைக்க மறந்த பொருள் வீட்டிலேயே தங்கிவிடும். அதுபோலவே, எழுத்துருவையும் தெளிவான படங்களையும் கோப்புக்குள் வைத்தால்தான் அவை அச்சகத்தைச் சென்றடையும். எதை வைப்பது, எதைச் சுருக்குவது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பவையே ஏற்றுமதி அமைப்புகள்.

எழுத்துருக்களை உட்பொதித்தல்

தமிழ் மலர்களைப் பொறுத்தவரை எழுத்துருவே முதலில் கவனிக்க வேண்டிய அமைப்பாகும். இதன் காரணத்தை அறிய, கணினித் தமிழின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதே காலக்கட்டத்திலும் அதன் பின்னரும் உலகின் பல நாடுகளில் பலர் தத்தம் முறையில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கினர். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறியீட்டு எண்களிலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்தியவை அவற்றுள் பல. ஆனால், எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு தரத்தில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. எனினும், பழைய எழுத்துருக்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. பழைய மலர்களின் கோப்புகளில் அவற்றை இன்றும் காணலாம்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே தோன்றும். யூனிகோடு எழுத்துருவாக இருந்தாலும் கோப்பில் அதனை உட்பொதிக்காவிட்டால் வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து அமரும். அல்லது வெற்றுக் கட்டங்கள் தோன்றும். உட்பொதித்தல் என்பது எழுத்தின் வடிவங்களைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்புவதாகும். மலரில் பயன்பட்ட எழுத்துகளை மட்டும் சேர்த்தாலும் போதும். கோப்பின் அளவு அதனால் பெரிதும் கூடாது. சில எழுத்துருக்களின் உரிமம் உட்பொதிக்க இடம் தருவதில்லை. அத்தகைய எழுத்துருவைத் தொடக்கத்திலேயே தவிர்ப்பது நல்லது.

மற்றொரு செய்தியையும் நினைவில் கொள்ள வேண்டும். 'கொடி' என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் அதற்குப் பின்னும் தோன்றுகின்றன. யூனிகோடு முறையில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அதற்கு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமர்த்துவது மென்பொருளின் வேலை. பக்கவடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் பிரிந்து நிற்கும். இப்பிழையை பி.டி.எஃப். திருத்தாது, உள்ளதை உள்ளவாறே சுமந்து செல்லும்.

படங்களின் தெளிவு

அச்சுக்குரிய படம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 படப்புள்ளிகள் கொண்டிருக்க வேண்டும் என்பது அச்சுத்துறையின் பொதுவான அளவுகோல். மலரில் 4 அங்குல அகலத்தில் இடம்பெறும் படத்துக்கு 1,200 படப்புள்ளிகள் தேவை. பழைய படம் ஒன்று 1 அங்குல அகலமே உள்ளது என்று வைத்துக்கொண்டால், அதனை 4 அங்குலத்துக்குப் பெரிதாக்க, வருடியில் அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் என்ற அளவில் வருட வேண்டும். 300 என்ற அளவில் வருடிவிட்டுப் பின்னர் இழுத்துப் பெரிதாக்கினால் முகம் கட்டங்கட்டமாகத் தெரியும்.

புலனம் வழியாகப் பெறும் படங்கள் அனுப்பும்போதே பெரும்பாலும் சுருக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே, மூலப் படத்தை மின்னஞ்சலிலோ விரலியிலோ பெறுவதே சிறந்தது. ஏற்றுமதியின்போதும் இதே கவனம் தேவை. மென்பொருள்களில் 'மிகச் சிறிய கோப்பு' என்னும் பொருள் தரும் ஓர் அமைப்பு இருக்கும். அது திரையில் படிப்பதற்கும் இணையத்தில் அனுப்புவதற்கும் உரியது. இன்டிசைன் மென்பொருளில் அவ்வமைப்பு வண்ணப் படங்களை அங்குலத்துக்கு 100 புள்ளிகளாகக் குறைத்துவிடுகிறது. அரும்பாடுபட்டுத் தேடிய படத்தின் தெளிவு ஒரே சொடுக்கில் போய்விடும். அச்சுக்கு எப்போதும் அச்சுத் தரத்துக்குரிய அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறமும் கறுப்பும்

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைத் தாளில் பதிக்கிறது. ஒளியால் காட்டக்கூடிய எல்லா நிறங்களையும் மையால் காட்ட இயலாது. தஞ்சோங் காராங் வயலின் இளம்பச்சையைப் படமெடுத்து அட்டையில் வைத்தால், திரையில் ஒளிரும் அப்பச்சை தாளில் சற்று மங்கியே தோன்றும். பக்கத்தை முன்னதாகவே நான்கு மைக்குரிய நிறமுறைக்கு மாற்றிப் பார்த்தால் இம்மாற்றத்தை எதிர்பார்த்துத் திட்டமிடலாம்.

கறுப்பு எழுத்துகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. திரைக்குரிய கறுப்பை நான்கு மைக்கு மாற்றும்போது அது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடுகிறது. நான்கு அச்சுத் தகடுகளும் மயிரிழை விலகினால்கூட எழுத்தின் ஓரங்களில் வண்ண நிழல் தெரியும். தமிழ் எழுத்துக்கு இது பெருங்குறையாகும். மெய்யெழுத்தின் மேல் உள்ள சிறு புள்ளி கலங்கினால் 'க்' என்பது 'க' போலத் தோன்றலாம். 'பட்டு' என்னும் சொல் புள்ளியை இழந்தால் வாசகர் தடுமாறுவார். எனவே, கட்டுரை எழுத்துகள் கறுப்பு மை ஒன்றில் மட்டும் நூறு விழுக்காட்டில் அமைய வேண்டும். உட்பக்கங்களை ஒரே நிறத்தில் அச்சிடுவதாக இருந்தால் படங்களையும் சாம்பல் நிறமுறைக்கு மாற்றிவிடலாம். அச்சுச் செலவும் அதனால் குறையும்.

பக்கத்தின் ஓரம்

அச்சகத்தில் பெரிய தாளில் அச்சிட்டு, மடித்து, பின்னர் ஓரங்களை வெட்டுகின்றனர். வெட்டும் கத்தி சிறிது விலகுவது இயல்பு. அட்டைப்படம் பக்கத்தின் எல்லையோடு நின்றுவிட்டால், அவ்விலகலால் வெள்ளைக் கோடு தெரியும். இதனைத் தவிர்க்க, படத்தை எல்லைக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பது வழக்கம். அச்சகத்தார் இப்பகுதியை 'பிளீடு' என்பர். ஏ4 அளவுப் பக்கம் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நீட்டிய பகுதியையும் சேர்த்தால் அது 216க்கு 303 மில்லிமீட்டர் ஆகும். பக்கத்தில் இப்பகுதியை அமைத்தால் மட்டும் போதாது. ஏற்றுமதி செய்யும்போதும் அதனையும் வெட்டுக் குறிகளையும் சேர்க்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்களும் படவிளக்கங்களும் வெட்டும் எல்லையிலிருந்து போதிய அளவு உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

நடுவில் கம்பி தைக்கும் மலரில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களை இணைக்காமல் ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுமதி செய்வதே வழக்கம். அவற்றைத் தாளில் அடுக்கும் வேலையை அச்சகம் பார்த்துக்கொள்ளும்.

பொதுத் தரங்களும் இறுதிச் சரிபார்ப்பும்

இத்தனை அமைப்புகளையும் தனித்தனியே நினைவில் வைப்பது கடினம். இதற்காகவே அச்சுத் துறைக்கெனத் தனித் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. 2001ஆம் ஆண்டைச் சேர்ந்த பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ தரத்தில் எழுத்துருக்கள் கட்டாயம் உட்பொதிக்கப்பட வேண்டும். நிறங்கள் அச்சு மைக்குரியவையாக இருக்க வேண்டும். பின்னர் வந்த பி.டி.எஃப்./எக்ஸ்-4 தரம், ஒன்றன்மேல் ஒன்றாக ஊடுருவித் தெரியும் படங்களை அப்படியே ஏற்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளிலும் இத்தரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தம் இயந்திரத்துக்கு எத்தரம் பொருந்தும் என்பதை அச்சகத்தாரே நன்கு அறிவர். எனவே, வடிவமைப்பைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனினும், எந்தத் தரமும் பொருட்பிழையையோ எழுத்துப்பிழையையோ கண்டுபிடிக்காது. மங்கலான படத்தையும் அது தெளிவாக்காது. ஆகவே, கோப்பு உருவானதும் அதனை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் உட்பொதிந்துள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். படங்களை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அனைத்துப் பிரதிகளையும் அச்சிடும் முன்னர் ஒரு மாதிரிப் படியைப் பெற்று, கட்டுரையாளரும் ஆசிரியரும் அதில் மெய்ப்புத் திருத்த வேண்டும். மூத்தோர் ஒருவரிடம் அதனைக் கொடுத்துப் பெயர்களைச் சரிபார்ப்பது மேலும் பயன்தரும். பழைய படத்தில் நிற்பவர் யார் என்பதை அவரே அறிவார்.

இறுதிக் கோப்போடு திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்துருக்கள், மூலப் படங்கள் ஆகியவற்றையும் ஒரே கோப்புறையில் பள்ளி பாதுகாக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் அடுத்த மலரைத் தயாரிப்போருக்கு அவை உதவும். தோட்டத்தை விட்டுச் சென்ற குடும்பத்தின் பேரப்பிள்ளை ஒருநாள் அம்மலரைப் புரட்டக்கூடும். அப்போது தன் தாத்தாவின் முகம் தெளிவாகவும் அவரது பெயர் புள்ளி பிசகாமலும் அதில் இருப்பதற்கு, ஏற்றுமதிப் பெட்டியில் செலவிடும் சில நிமிடங்கள் துணைபுரியும்.