மருத்துவ ஆய்வுச் சஞ்சிகையில் எவ்வகைக் கட்டுரைகள் இடம்பெறும்?

மாணவர்களே, கட்டுரை என்றதும் முன்னுரை, உடல், முடிவுரை என்ற அமைப்பே உங்கள் நினைவுக்கு வரும். தமிழ்ப் பாட வினாத்தாளுக்கு அது போதும். ஆனால் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் எழுதும் சஞ்சிகைகளில் பலவகை எழுத்துகள் உள்ளன. எந்த வகைகளை ஏற்போம், எத்தனை சொற்களில் எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு சஞ்சிகையும் எழுதுவோருக்கான அறிவுறுத்தல்களில் குறிப்பிடும்.

இவற்றுள் முதன்மையானது மூல ஆய்வுக் கட்டுரை. ஆய்வாளர் தாமே திரட்டிய தரவுகளை முதன்முறையாக வெளியிடுவது இதிலேதான். சுருக்கம், அறிமுகம், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல் என்பது இதன் ஒழுங்கு. விஞ்ஞான பாடத்தில் செய்முறைக் குறிப்பு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல.

உதாரணமாக, 1948 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் காசநோய் பற்றிய ஆய்வொன்று வெளியானது. 55 நோயாளருக்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் வழங்கப்பட்டன. யாருக்கு எது என்பது மருத்துவரின் விருப்பப்படியன்றி எழுமாற்றாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆறு மாதங்களில் முதற் குழுவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்தனர். இரண்டாவது குழு இல்லாவிட்டால் 4 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவீர்கள்? முறையியல் பகுதியைப் பாய்ந்துவிட்டு வாசிக்க வேண்டாம் என்று நான் வகுப்பில் சொல்வது இதனாலேதான்.

மீளாய்வுக் கட்டுரை, ஏற்கெனவே வெளியான பல ஆய்வுகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்குவது. ஆசிரியர் தலையங்கம் கருத்துரை. பெரும்பாலும் சஞ்சிகையே கேட்டு எழுதுவிப்பது.

நோயாளர் அறிக்கை, ஒருவரில் அல்லது சிலரில் காணப்பட்ட அபூர்வமான நிலையை விபரிக்கும். நோயாளரின் சம்மதம் பெறவேண்டும், பெயர் வெளியிடலாகாது. 1981 ஜூன் 5 இல் அமெரிக்காவின் வாராந்த நோய் அறிக்கையொன்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அபூர்வமான நிமோனியாவைக் குறிப்பிட்டது. பின்னர் எயிட்ஸ் எனப் பெயர்பெற்ற நோய் பற்றிய முதல் அறிக்கை அதுவே. ஐந்து பேரை வைத்து நோயின் காரணத்தை நிறுவ முடியாது. ஆனால் எச்சரிக்கை மணி அடிக்கலாம்.

இனி, ஆசிரியருக்குக் கடிதம். குறுகியது என்று இதனை அலட்சியம் செய்யாதீர்கள். 1961 டிசம்பரில் அவுஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மக்பிரைட், லான்செற் சஞ்சிகைக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்பகாலத்தில் தலிடோமைட் மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் கடுமையான பிறவிக் குறைபாடுகளைக் கண்டதாகவும், வேறெவரும் இதுபோலக் கண்டீர்களா என்றும் கேட்டார். கடிதத்தின் பணி அதுதான்: கண்டதைச் சொல்லிக் கேள்வி எழுப்புதல்.

மறுபக்கமும் உண்டு. 1980 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதமொன்று வந்தது. வைத்தியசாலையில் தங்கியிருந்தபோது அபின் சார்ந்த வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நால்வரே அதற்கு அடிமையானதாகத் தெரிகிறது என்றது அது. வீடு சென்ற பின்னரும் மாதக்கணக்கில் மருந்தெடுப்போரைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. முறையியலும் விபரமாக இல்லை. ஆயினும் பலர் அதனை முழுமையான ஆய்வு போலவே எடுத்தாண்டனர். 2017 இல் அதே சஞ்சிகை வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அக்கடிதம் 608 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர், நோயாளர் வைத்தியசாலையில் இருந்தோர் என்பதைக் குறிப்பிடவேயில்லை. இந்த மருந்துகளை நீண்டகாலம் கொடுத்தாலும் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பரவ அக்கடிதமும் உதவியது. அமெரிக்காவில் பின்னர் இலட்சக்கணக்கானோர் இவ்வகை மருந்துகளின் மிகைப் பாவனையால் இறந்தனர். கடிதத்தில் பொய் இல்லை; வாசித்தவர்கள் வகையை மாற்றிவிட்டார்கள்.

பயிற்சி: ஒரு மருத்துவர் தமது விடுதியில் இரு நோயாளருக்கு ஒரே மருந்தால் வழமைக்கு மாறான ஒவ்வாமை ஏற்பட்டதைக் காண்கிறார். அவர் எவ்வகையில் எழுதியனுப்பலாம்? எவ்வகையில் எழுத முடியாது? காரணம் தருக.